மரகதாம்பாளின் ஊரில் பச்சைக்கல்

ஓசூர் மலைமேல் இருக்கும் சிவன் சந்திரசூடேஸ்வரர். அம்மன் மரகதாம்பாள். சிவன் ஒளிவீசும் உடும்பாக உருமாறி ஓட, தேவி துரத்திப் பிடித்தாள், தொட்டதும் அவள் மேனி பச்சையாயிற்று என்பது அங்கே வழங்கும் தலக்கதை. தேர்த் திருவிழா வந்தால் எல்லை தாண்டி கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். அவரவர் மொழியில் அம்மனைக் கூப்பிடுகிறார்கள், ஆனால் மரகதம் என்ற சொல் எல்லோர் வாயிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மலைக்குக் கீழே ஊர் வேறு வேகத்தில் ஓடுகிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதன் பின்னால் டிவிஎஸ்ஸும் அசோக் லேலண்டும் வந்தன. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் இங்கே முதலில் கைக்கடிகாரம் செய்தது, பிறகு நகையும் செய்யத் தொடங்கியது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்பவர்களின் கைகளைப் பார்த்தால், யாராவது ஒருவர் சுண்டுவிரலில் பச்சைக்கல் மோதிரம் இருக்கும். ஜாதகத்தில் புதன் நீசம், அல்லது புதன் திசை நடக்கிறது, அல்லது மிதுன லக்கினம், கன்னி லக்கினம் என்று ஜோசியர் சொல்லி வாங்கியது. புதன் திசை 17 ஆண்டுகள். படிப்பு, கணக்கு, பேச்சு, வியாபாரம் எல்லாம் புதனின் துறைகள் என்பது ஜோதிட நம்பிக்கை. அதனால் தேர்வு எழுதும் பிள்ளைக்கும் புதிதாகக் கடை போடுகிறவருக்கும் ஒரே கல்லைத்தான் சொல்கிறார்கள்.

அந்தக் கல் எங்கிருந்து தன் பெயரைப் பெற்றது, அந்தப் பெயர் எந்தெந்தக் கல்லையெல்லாம் சுமந்து வந்தது என்று பார்ப்பது மோதிரம் வாங்கப் போகிறவருக்கும் உதவும்.

முதலில் ஓசூர்க் கடையில் காதில் விழும் பெயர்கள். தமிழர் பச்சைக்கல் என்பார், தெலுங்கர் பச்ச என்பார், கன்னடர் பச்செ என்பார், உருதுவும் இந்தியும் பேசுகிறவர் பன்னா என்பார். பில் போடும்போது எமரால்டு. கன்னடத்தின் பச்செ சற்று நின்று பார்க்க வேண்டிய சொல். பழங்கன்னடத்தில் சொல்லின் தொடக்கத்தில் இருந்த பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. பால் அங்கே ஹாலு. பசுமைக்கு உறவான பசிர், ஹசிரு ஆயிற்று. நம் புதுவுக்கு உறவான பொச, ஹொச ஆயிற்று. ஹொச ஊரு, அதாவது புதிய ஊர், ஓசூர் ஆனதும் அந்த வழியில்தான். இத்தனை சொற்களை மாற்றிய அந்த ஒலி மாற்றம் கல்லின் பெயரை மட்டும் விட்டுவிட்டது. இன்றும் கன்னடத்தில் பச்சை நிறம் ஹசிரு, பச்சைக்கல் பச்செ.

பச்சை, பசுமை, பாசி, பயிர், பசலை எல்லாம் ஒரு வேரில் கிளைத்தவை. நிறத்தோடு நிற்கவில்லை இந்த வேர். முற்றாதது, காயாதது, காய்ச்சாதது என்ற பொருளும் அதற்கு உண்டு. பச்சைக் குழந்தை, பச்சைத் தண்ணீர், பச்சைப் பால். புதன்கிழமை மோதிரம் போடும் முன் கல்லைப் பச்சைப் பாலில் நனைத்து எடுக்கச் சொல்வார்கள். புதனுக்கு உரிய தானியம் பச்சைப்பயறு. சடங்கு முழுக்க இந்த ஒரு தமிழ்ச் சொல் ஊடாடுகிறது.

மரகதம் அப்படி உள்ளூரில் முளைத்த சொல் அல்ல. வடமொழியில் மரகத, பிராகிருதத்திலும் அதே சொல்லின் வடிவங்கள். அதற்கு மேற்கே கிரேக்கத்தில் ஸ்மாரக்தோஸ். லத்தீன் அதை ஸ்மாரக்துஸ் என்று வாங்கியது, பழைய பிரெஞ்சு எஸ்மரோட் என்று இளக்கியது, ஆங்கிலம் எமரால்டு ஆக்கியது. பாரசீகத்திலும் அரபியிலும் சுமுருத். இவற்றுக்கெல்லாம் மூலம் செமிட்டிய மொழிகளில் இருக்கிறது என்பது பெரும்பாலான மொழியறிஞர் கருத்து. அக்காதியத்தில் பர்ரக்து, எபிரேயத்தில் பாரெக்கெத். யூதத் தலைமைக் குருவின் மார்புப் பட்டையில் பதிக்கச் சொன்ன 12 கற்களில் பாரெக்கெத் ஒன்று. வேர்ச்சொல்லுக்குப் பொருள் மின்னுதல். ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உருது பேசும் குடும்பங்கள் மின்னலை இன்றும் பர்க் என்றுதான் சொல்லும். அதே வேர்.

ஆக, மரகதாம்பாளின் பெயர் கிரேக்கம் வழியாக வந்திருக்கலாம். தமிழ் அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ள நீண்ட காலம் எடுக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் மரகதம் என்ற சொல் வந்துவிட்டது. மதுரை நகைக்கடைத் தெருவைக் காட்டும் ஊர்காண் காதையில் பச்சைக்கல்லின் குற்றங்களைக்கூட இளங்கோவடிகள் பெயர் சொல்லி அடுக்குகிறார்: ஏகை, மாலை, இருள். கல்லைக் கையில் வாங்கிச் சோதிக்கும் வணிகரின் பேச்சு காவியத்துக்குள் நுழைந்திருக்கிறது.

இந்தப் பெயர் கிழக்கே வந்துகொண்டிருந்த காலத்தில் இன்னொரு பெயர் இங்கிருந்து மேற்கே போனது. காங்கேயம் பக்கம் படியூரில் கிடைத்த கடல்நீலக் கல் ரோமானியர் விரும்பி வாங்கிய பொருள். நொய்யல் கரையில் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் அந்தக் கல்லை மணியாகத் தீட்டிய பட்டறைகளைக் காட்டின. அதன் வடமொழிப் பெயர் வைடூரியம், பிராகிருதத்தில் வேருலிய. அதற்குத் திராவிட மூலம் இருக்கலாம் என்று கருதும் மொழியியலார் உண்டு. வேருலிய கிரேக்கத்தில் பெரில்லோஸ் ஆயிற்று, ஆங்கிலத்தில் பெரில். ஜெர்மானியர் மூக்குக் கண்ணாடியைப் பிரில்லெ என்பதும் இந்தச் சொல்லிலிருந்து வந்ததே.

இதில் வியப்பு என்னவென்றால், படியூரின் நீலக்கல்லும் மரகதமும் கனிமவியல்படி ஒரே கல். இரண்டும் பெரிலியமும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்த பெரில். இரும்பு கலந்தால் கடல்நீலம், குரோமியமோ வனேடியமோ கலந்தால் மரகதப் பச்சை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி இதைக் கிட்டத்தட்ட ஊகித்திருக்கிறார். பெரில் பெரும்பாலும் இந்தியாவில்தான் கிடைக்கிறது என்று எழுதும்போது, அதுவும் ஸ்மாரக்துஸும் ஒரே இயல்புள்ளவை என்று பலர் எண்ணுவதாகச் சேர்த்துச் சொல்கிறார். 1798இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் இரண்டையும் பகுத்துப் பார்த்து அதை உறுதி செய்தார், கூடவே ஒரு புதிய தனிமத்தையும் கண்டுபிடித்தார். அந்தத் தனிமத்துக்குப் பிறகு நிலைத்த பெயர் பெரிலியம். வேருலிய தனிம அட்டவணைக்குள் போய் உட்கார்ந்தது இப்படித்தான்.

வைடூரியத்துக்கு வீட்டில் என்ன ஆயிற்று? இன்று தமிழில் அது பூனைக்கண் கல். ஜோசியர் கேதுவுக்குச் சொல்வது. பெயர் அப்படியே இருக்க, கல் மாறிவிட்டது.

மரகதத்துக்கும் இந்த இடமாற்றம் நேர்ந்தது, அதுவும் கிரேக்கத்திலேயே. பச்சையாக மின்னிய எதையும் கிரேக்கர்கள் ஸ்மாரக்தோஸ் என்றார்கள். தீர் நகரக் கோயிலில் ஸ்மாரக்தோஸ் தூண் ஒன்று இரவிலும் ஒளிர்ந்ததாக வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதினார். கற்களைப் பற்றித் தனி நூல் எழுதிய தியோபிராஸ்டஸ் அந்தத் தூணைக் குறிப்பிட்டு, அது போலி மரகதமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார் என்பது மனத்துக்குத் தெம்பு தருகிறது.

தமிழ்க் கோயில்களிலும் சொல் அப்படியே அகன்று நிற்கிறது. திருவாரூர், திருநள்ளாறு தொடங்கி ஏழு விடங்கத் தலங்களிலும் மரகத லிங்கம் உண்டு. உளி படாத திருமேனி என்பதால் விடங்கம். உத்தரகோசமங்கையில் ஆளுயர மரகத நடராஜர் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பில் இருப்பார், மார்கழித் திருவாதிரையில் மட்டும் காப்பு களைவார்கள். மதுரை மீனாட்சிக்கு மரகதவல்லி என்றும் பெயர். தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா. இங்கெல்லாம் மரகதம் என்பது நிறத்தையும் அருமையையும் சொல்லும் சொல். நகைக்கடையின் தராசில் கேரட் கணக்கில் நிறுக்கும் பெரிலை அது குறிக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. பக்தருக்கு அந்தக் கேள்வியும் எழுவதில்லை. கேள்வி எழவேண்டிய இடம் கடை.

கடைக்குப் போகும் முன் ஜோசியரிடம் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். புதன்கிழமை புதன் ஓரையில் போட்டுக்கொள்ளுங்கள், புதன் கேந்திரத்தில் இருந்தால் நல்லது என்று அவர் சொல்வார். ஓரை கிரேக்கத்தின் ஹோரா, கேந்திரம் கிரேக்கத்தின் கெந்த்ரோன். கேரட்டும் அங்கிருந்து கிளம்பி அரபி வழியாகச் சுற்றி வந்த சொல்தான். ஜாதகக் கணிதம் யவனரோடு ஏற்பட்ட தொடர்பில் பல கலைச்சொற்களை வாங்கியது. பருவக்காற்றைப் பிடித்து வந்த கப்பல்களின் காலம் அது. கிழமைகளும் அந்தக் கணக்கைச் சேர்ந்தவையே. உதயத்திலிருந்து முதல் ஓரை அந்தக் கிழமையின் அதிபதிக்கு. புதன்கிழமையில் புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன் என்று ஓரைகளைச் சுற்றிக்கொண்டே போனால் 25ஆவது ஓரை குருவுக்கு வரும். அதுவே வியாழக்கிழமையின் விடியல். உரோமரும் இதே நாளை இதே கிரகத்துக்குத்தான் கொடுத்தார்கள். பிரெஞ்சில் புதன்கிழமைக்கு மெர்க்ரெதி, மெர்க்குரியின் நாள். இந்தியாவில் கிழமையைக் குறிப்பிடும் மிகப் பழைய காலம் தெரிந்த கல்வெட்டு மத்தியப் பிரதேசத்தின் ஏரணில் இருக்கிறது, கி.பி. 484.

அப்படியானால் "வேத ஜோதிடம் சொன்ன மரகதம்" என்று விளம்பரங்கள் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? ரிக் வேதத்தில் மரகதம் என்ற சொல் இல்லை. ஆனால் நிஷ்கம் உண்டு, கழுத்தில் அணியும் பொன். ஓசூரில் டைட்டன் செய்யும் தனிஷ்க் நகையின் பெயருக்குள் ஒலிப்பது அந்த நிஷ்கம்.

ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் ரத்தினங்களுக்கென்று அத்தியாயங்கள் எழுதினார். வைரத்துக்கும் முத்துக்கும் விரிவாக எழுதியவர் மரகதத்துக்கு ஒரே ஒரு சுலோகம் ஒதுக்கினார். கிளி, மூங்கில் இலை, வாழை, வாகைப்பூ இவற்றின் நிறம் உள்ள கல் சிறந்தது, தேவ காரியத்துக்கும் பிதிர் காரியத்துக்கும் அணிந்தால் நலம். அவ்வளவுதான். ஜோதிடத்தில் அவரைவிடப் பெரிய பெயர் இல்லை, இருந்தும் அந்தச் சுலோகத்தில் புதனைப் பற்றிப் பேச்சில்லை. கருட புராணம் வேறு கதை சொல்கிறது. வலன் என்ற அசுரனின் பித்தத்தை வாசுகி தூக்கிக்கொண்டு போக, கருடன் தாக்க, பித்தம் விழுந்த இடத்தில் மரகதம் பிறந்ததாம். அதனால் காருத்மதம் என்று ஒரு பெயர், விஷத்தை முறிக்கும் கல் என்ற நம்பிக்கை. ஒன்பது கிரகத்துக்கு ஒன்பது கல் என்ற பட்டியல் ஜாதக பாரிஜாதம் போன்ற பிற்கால நூல்களில்தான் தெளிவாக வருகிறது. சுண்டுவிரல் மோதிரத்தை நம்புகிறவர் நம்பலாம். அதற்கு வேதத்தின் வயதைக் கொடுப்பது மட்டும் சரியல்ல.

ஜாதகம் சோதனைக்கு நின்றதா என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் புனேயில் நடத்திய ஆய்வில், படிப்பில் சிறந்த பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இரு வகையாரின் ஜாதகங்களைக் கலந்து கொடுத்து 27 ஜோதிடர்களிடம் பிரித்துச் சொல்லக் கேட்டார்கள். சரியாக இருந்தவை சராசரியாக 46 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு வந்திருக்கும்.

இனி கல். பெரிலியம் கருங்கல் இனப் பாறைகளின் கடைசிக் குழம்பில் சேரும் தனிமம். குரோமியம் அதற்கு நேர்மாறான, ஆழத்திலிருந்து வரும் கரும்பாறைகளில் இருப்பது. இரண்டும் சந்திப்பது அரிது. சந்தித்த இடங்களில்தான் மரகதம். பழங்காலத்தில் எகிப்தின் கிழக்குப் பாலைவனச் சுரங்கங்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொலம்பியாவின் சுரங்கங்களைப் பிடித்த பிறகு அந்தக் கற்கள் கோவா வழியாக முகலாயர் அரண்மனை வரை வந்தன. 1940களில் ராஜஸ்தானில் கண்டார்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் அறிய வேண்டிய சேதி வேறு ஒன்று: 1990களில் சேலம் மாவட்டம் சங்ககிரி வட்டாரத்திலும் மரகதம் கண்டறியப்பட்டது. கருங்கல்லை வெட்டிப் பாளமாக்கி மெருகிட்டு உலகுக்கு அனுப்பும் மாவட்டத்திலிருந்து அது அதிக தூரமில்லை. கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் சாம்பியா, கொலம்பியா, பிரேசில் கற்கள். தீட்டும் வேலை ஜெய்ப்பூரில்.

இயற்கை மரகதத்தில் வெடிப்பும் கோடும் இல்லாமல் இருப்பது அபூர்வம். ஊர்காண் காதை குற்றமாக எண்ணிய ஏகையை, அதாவது கீற்றை, இன்று கல் பரிசோதகர் உருப்பெருக்கியில் தேடிப் பார்க்கிறார். இயற்கைக் கல்தானா என்பதற்கு உள்ளிருக்கும் கோடுகளும் துகள்களும்தான் சாட்சி. அந்த வெடிப்புகளை மறைக்கச் செடார் எண்ணெய் அல்லது பிசின் ஏற்றுவது உலகெங்கும் வழக்கம். சொல்லி விற்றால் அதில் தவறில்லை. ஆனால் எண்ணெய் ஏற்றிய கல் சூட்டையும் தின்னரையும் அசிட்டோனையும் தாங்காது. மெஷின் ஷாப்பில் வேலை செய்யும் கையில் இவை எல்லாம் படும். சுழலும் இயந்திரத்தின் அருகே மோதிரம் போடுவதே ஆபத்து, விரல் போய்விடும். ஷிப்டுக்குப் போகும் முன் கழற்றி வைப்பது கல்லுக்கும் நல்லது, கைக்கும் நல்லது.

செயற்கை மரகதமும் உண்டு. 1930களிலேயே ஆய்வுக்கூடத்தில் வளர்த்துவிட்டார்கள். வேதியியலில் அது மரகதமேதான், விலையில் அல்ல. பிறகு மாற்றுக் கற்கள்: பச்சை ஓனிக்ஸ், பெரிடாட், பச்சை டூர்மலைன். கடைசியாகக் கண்ணாடி. கண்ணாடிக்கு நகைத் தொழிலில் ஒரு தனிப் பெயர் இருக்கிறது, கெம்பு. கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு, மாணிக்கம். நம் செம்மையும் அவர்கள் கெம்புவும் ஒரு வேர். தமிழில் ககரம் சகரமாயிற்று, கன்னடத்தில் ஆகவில்லை. அந்தக் கன்னட வடிவத்தைத் தமிழ் நகைத் தொழில் திரும்ப வாங்கிக்கொண்டது. பரதநாட்டிய நகை செட்டில் சிவப்புக்குப் பதில் பச்சை பதித்தால் அதைப் பச்சைக் கெம்பு என்கிறார்கள். சிவப்பு என்ற சொல்லுக்குப் பச்சை அடைமொழி! கெம்பு சிவப்பை மறந்து, நகையில் பதிக்கும் மலிவுக் கல்லின் பெயராகிவிட்டது.

ஒரு சொல் இத்தனை பொருளைச் சுமக்கும்போது, பில்லில் பச்சைக்கல் என்று மட்டும் எழுதினால் அது எந்தக் கல் என்று யாரும் கேட்க முடியாது. தங்கத்துக்கு ஹால்மார்க் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. அந்த முத்திரை பொன்னின் மாற்றுக்கு மட்டுமே உறுதி. மோதிரத்தில் பதித்த கல்லைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து, பிள்ளையின் தேர்வுக்காகவோ தம்பியின் கடைக்காகவோ மோதிரம் வாங்குகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். கடைக்காரரிடம் மரகதமா என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். இயற்கையா செயற்கையா, எண்ணெயோ பிசினோ ஏற்றியதா, கல்லின் எடை எவ்வளவு, விலை எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். சொன்ன பதிலைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள். கல்லின் விலை பெரிதாக இருந்தால் பரிசோதனைக் கூடச் சான்று இல்லாமல் பணம் கட்டாதீர்கள்.